வெட்டு விதியும் வீட்டு விதியும்

1

தமிழில் விதி என்ற ஒரே சொல் இரண்டு வேலை பார்க்கிறது. ஆட்டத்துக்கு உள்ள விதியும் அதுதான். தலையில் எழுதியதாகச் சொல்லப்படும் விதியும் அதுதான். முதலாவதை மனிதர்கள் கூடிப் போட்டார்கள். வேண்டாமென்றால் கூடி மாற்றிக்கொள்ளலாம். இரண்டாவதை மனிதர் யாரும் போடவில்லை, எனவே மனிதர் யாரும் மாற்ற முடியாது என்று நமக்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள். முதல் வகை விதி எப்படி இரண்டாம் வகையாக உறைந்துபோகிறது, உறைந்ததை உடைப்பதற்கு யாருக்கு உரிமை என்பது அரசியல் கேள்வி. அந்தக் கேள்வியை ஆட்டத்தை வைத்தே பேசிப் பார்க்கலாம் என்பது இக்கட்டுரையின் நோக்கம். 'நாட்டில் எவ்வளவோ கிடக்க, விளையாட்டா இப்போ முக்கியம்?' என்று கேட்பவர்கள் இருப்பார்கள். கேட்கட்டும். சட்டம் என்றால் என்ன என்பதை நம்மில் பலரும் பள்ளிக்கூடத்துக்குப் போகும் முன்னரே ஆட்டத்தில்தான் கற்றோம் என்பதை மட்டும் அவர்களுக்கு நினைவுபடுத்தி மேலே போகிறேன்.

தாமிரபரணிக் கரையில் தாயம் தெரியாத தெரு கிடையாது. ஸ்ரீவைகுண்டத்தைச் சுற்றிய ஊர்களில் திண்ணையிலோ வாசலிலோ கரிக்கட்டியால் கட்டம் போட்டுவிட்டால் போதும். பித்தளைத் தாயக்கட்டை இருந்தால் அது, இல்லாவிட்டால் சோழி, அதுவும் இல்லாவிட்டால் ஒரு பக்கம் தேய்த்து வெளுப்பாக்கிய புளியங்கொட்டை. சிவராத்திரிக்கும் வைகுண்ட ஏகாதசிக்கும் கண் விழிக்க இதுதான் துணை. தாயத்தை நாம் பெண்கள் பொழுது போக்கும் ஆட்டம் என்று ஒதுக்கிவிட்டோம். உண்மையில் அது ஒரு போர் ஆட்டம். எதிரியின் காய் நிற்கும் கட்டத்தில் நம் காய் போய் விழுந்தால் அதற்குப் பெயர் வெட்டு. வெட்டினவருக்கு இன்னொரு உருட்டல் பரிசு. வெட்டுப்பட்ட காய் மறுபடியும் தாயம் விழுந்து முதலிலிருந்து வர வேண்டும். பெருக்கல் குறி போட்ட கட்டத்தில் நிற்கும் காயை யாரும் தொட முடியாது. அதை மலை என்று சொல்பவர்களும் உண்டு. சுற்றி முடித்து உள்ளே போய்ச் சேர்ந்தால் பழம்.

ஆட்டம் தொடங்கும் முன் ஒரு பேச்சு நடக்கும். இங்கே அதுதான் முக்கியம்.

'மதினி, வெட்டு இல்லாம பழம் ஏறலாமா?'

'ஏற முடியாதுட்டி. ஒரு வெட்டாவது வெட்டியிருக்கணும்.'

'எங்க அம்மா வீட்ல ஏறலாமே.'

'அது உங்க அம்மா வீட்டு ஆட்டம். இது இந்த வீட்டு ஆட்டம்.'

ஆட்டத்துக்கான பொது விதி ஒன்று, இந்த வீட்டுக்கான விதி மற்றொன்று. வெளிநாட்டு மேசை ஆட்டக்காரர்கள் அரை நூற்றாண்டாக இதைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிச் சண்டை போட்டிருக்கிறார்கள். அவர்களும் இதை 'வீட்டு விதி' என்ற பொருள்படும் சொல்லால்தான் குறிக்கிறார்கள். மதினியும் நாத்தியும் நாலு வரியில் முடித்துக்கொண்ட விவகாரம் அங்கே எப்படிப் பெரிய வழக்கானது என்று பார்ப்போம்.

2

அமெரிக்காவில் 1974இல் மூன்று சிறு புத்தகங்களாக ஓர் ஆட்டம் வெளிவந்தது. பெயர் டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ். ஆக்கியவர்கள் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன். இனி இதை டிராகன் ஆட்டம் என்றே சொல்வோம். இதற்குப் பலகை கட்டாயமில்லை. ஒரு மேசையைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்து பேசுவதுதான் ஆட்டம். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம் ஏற்பார்கள்: ஒருவர் வாள்வீரர், ஒருவர் மந்திரவாதி, ஒருவர் திருடன், ஒருவர் பூசகர். 'குகைக்குள்ளே போறேன்' என்று ஒருவர் சொல்ல, 'உள்ளே இருட்டு, ஏதோ மூச்சு விடுற சத்தம்' என்று நடத்துபவர் சொல்ல, கதை நகரும். எழுதிவைத்த நாடகம் இல்லை. யார் பிழைப்பார், யார் சாவார் என்பது நடத்துபவருக்கே தெரியாது. அதைப் பகடை சொல்லும்.

சண்டை வந்தால் பேச்சு நின்று கணக்கு தொடங்கும். 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பின் முறை இது (2024இல் திருத்தி வெளியிட்டபோதும் அடிப்படை மாறவில்லை). முதலில் எல்லோரும் இருபது முகப் பகடையை உருட்டி யார் முந்தி, யார் பிந்தி என்று வரிசை போட்டுக்கொள்வார்கள். ஒரு சுற்று என்பது கதையில் ஆறு நொடி. தன் முறை வரும்போது ஒருவர் கொஞ்ச தூரம் நகரலாம், ஒரு காரியம் செய்யலாம். வெட்டுவதென்றால் இருபது முகப் பகடையை உருட்டி, தன் திறமைக்குரிய எண்ணைக் கூட்டி, எதிரியின் கவச எண்ணைத் தொட வேண்டும் அல்லது தாண்ட வேண்டும். கவச எண் 15, கூட்டும் எண் 5 என்றால் பகடையில் 10 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும். இருபதில் பதினொரு முகம், அதாவது நூற்றுக்கு 55 வாய்ப்பு. பட்டுவிட்டால் ஆயுதத்துக்குரிய பகடையை உருட்டி, அந்த அளவுக்கு எதிரியின் உயிர்ப்புள்ளியைக் குறைப்பார்கள். புள்ளி பூச்சியமானால் பாத்திரம் விழும். விழுந்தவர் தன் முறை வரும்போதெல்லாம் உருட்ட வேண்டும்: பத்தும் அதற்கு மேலும் மூன்று தடவை விழுந்தால் உயிர் நிலைக்கும், கீழே மூன்று தடவை விழுந்தால் சாவு.

நம் தாயத்தில் வெட்டுப்பட்ட காய் சாவதில்லை. அடுத்த தாயத்தில் பிறந்து வருகிறது. இரண்டு மரபுகளின் சாவு பற்றிய பார்வை வேறு என்று இதை வைத்து யாராவது தத்துவம் எழுதலாம். எனக்கு அதில் அக்கறையில்லை. இந்த விதிகள் எங்கிருந்து வந்தன என்பதைப் பார்ப்போம்.

3

டிராகன் ஆட்டத்துக்கு ஒரு தாத்தா உண்டு. அவர் பிரஷ்ய ராணுவத்தில் இருந்தார். 1824இல் ரைஸ்விட்ஸ் என்ற இளம் அதிகாரி போர்ப் பயிற்சிக்கான ஓர் ஆட்டத்தின் விதிகளை வெளியிட்டார். நிலப்படம், படைகளைக் குறிக்கும் கட்டைகள், இழப்பைக் கணக்கிடப் பகடை, நடுவில் ஒரு நடுவர். விதிகள் பெருகின, பட்டியல்கள் பெருகின, ஆடுபவர்களுக்குச் சலிப்பும் பெருகியது. 1876இல் வெர்டி டு வெர்னுவா என்ற தளபதி, இத்தனை பட்டியல் எதற்கு, அனுபவமுள்ள நடுவரே தீர்மானிக்கட்டும் என்றார். எழுதிய விதியா, நடுவரின் மதியா என்ற தகராறு அன்று தொடங்கியது, இன்னும் ஓயவில்லை. அந்தத் தகராறு ஒரு மேலாதிக்க ராணுவத்தின் உள்ளே, அதிகாரிகளுக்கு இடையே நடந்தது என்பதையும் கவனிக்க வேண்டும். பட்டியல் வேண்டுமா வேண்டாமா என்று அந்தக் கட்டைகளாகக் குறிக்கப்பட்ட சிப்பாய்களிடம் யாரும் கேட்கவில்லை.

1971இல் கைகாக்ஸும் ஜெஃப் பெர்ரனும் செயின்மெயில் என்ற இடைக்காலப் போர் ஆட்டத்தை வெளியிட்டார்கள். அதில் சாதாரண வீரனுக்கு ஒரு அடி பட்டால் கதை முடிந்தது. ஆர்னசனின் மேசையில் நண்பர்கள் ஆளுக்கொரு வீரனாக ஆடத் தொடங்கியபோது, ஆசையாக வளர்த்த பாத்திரம் ஒரே அடியில் சாவதை யாரும் விரும்பவில்லை. கடற்போர் ஆட்டங்களில் கப்பல் மூழ்க எத்தனை அடி தாங்கும் என்று கணக்கு வைப்பார்கள். அதை மனிதனுக்குக் கொண்டுவந்தார் ஆர்னசன். உயிர்ப்புள்ளி பிறந்த கதை இதுதான். இன்று கணினி விளையாட்டுகளில் தலைக்கு மேல் ஓடும் பச்சைக் கோடு வரை எல்லாம் இதன் வாரிசு. ஆனால் தொடக்கத்தில் அது ஒரு வீட்டு ஏற்பாடு, அவ்வளவுதான்.

இன்னொன்று. இருபது முகப் பகடையால் தாக்கும் முறை இன்று டிராகன் ஆட்டத்தின் அடையாளமாகவே ஆகிவிட்டது. 1974இன் புத்தகத்தில் அது மாற்று முறை என்றே கொடுக்கப்பட்டிருந்தது. மூல முறை செயின்மெயில். மாற்று மூலமானது, மூலம் மறந்துபோனது. இது நிற்கவும் இல்லை. சண்டைக்கு நடுவில் மருந்துக் குப்பியைக் குடிப்பதற்கே ஒருவர் தன் முறையின் முழுக் காரியத்தையும் செலவழிக்க வேண்டும் என்பது 2014இன் விதி. பல மேசைகள் இதை ஏற்கவில்லை. குடிப்பது சிறு காரியம், கூடவே வெட்டவும் செய்யலாம் என்று வைத்துக்கொண்டார்கள். 2024இல் புத்தகமே அப்படி மாறிவிட்டது.

இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது: நேற்று நாலு பேர் பேசி வைத்துக்கொண்ட ஏற்பாடுதான் இன்று அச்சான சட்டம். அச்சானதும் அதன் பிறப்பு மறைந்துபோகிறது. மறைந்த இடத்தில் 'ஆதியிலிருந்தே இப்படித்தான்' என்ற பொய் குடியேறுகிறது.

4

வீட்டு விதி என்றாலே மக்கள் பக்கம் என்று கொண்டாடிவிட வேண்டியதில்லை. அதற்கும் ஒரு விலை உண்டு. அந்த விலையை யாரோ ஒருவர் கொடுக்கிறார். யார் என்பதைக் கணக்குப் போட்டால்தான் தெரியும்.

பல டிராகன் மேசைகளில் ஒரு வீட்டு விதி உண்டு: தாக்கும்போது பகடையில் 1 விழுந்தால் வெறுமனே தவறுவது மட்டுமல்ல, வாள் கை நழுவிப் போகும், அல்லது பக்கத்தில் நிற்கும் தோழரையே வெட்டிவிடும். ஐந்தாம் பதிப்பின் புத்தகத்தில் இப்படிக் கிடையாது. 1 விழுந்தால் அடி தவறும், அத்தோடு சரி. இந்த வீட்டு விதி வேடிக்கையாக இருக்கும். எல்லோருக்கும் பொதுவானது போலவும் தோன்றும். கணக்கைப் பாருங்கள். ஒரு தடவை தாக்குபவருக்கு 1 விழும் வாய்ப்பு நூற்றுக்கு 5. வாள்வீரர் தேர்ச்சி பெறப் பெற ஒரே முறையில் பல தடவை வெட்டலாம். உச்சத்தில் நான்கு தடவை. நான்கு உருட்டலில் ஒன்றாவது 1 ஆக விழும் வாய்ப்பு நூற்றுக்குச் சுமார் 18.5. ஆக, வாள் பிடிக்கத் தெரியாத புதியவனைவிட உலகத்தின் தலைசிறந்த வாள்வீரன் மூன்றரை மடங்குக்கும் அதிகமாகத் தன் வாளைத் தவறவிடுகிறான்! மந்திரவாதி? அவருடைய பல மந்திரங்களுக்கு அவர் பகடையை உருட்டுவதே இல்லை. எதிரிதான் தப்பிக்க உருட்டுகிறார். எனவே இந்த விதி அவரைத் தொடுவதேயில்லை. உடம்பால் உழைப்பவனுக்கு அபராதம், மந்திரம் ஓதுபவருக்கு விலக்கு. சொன்னவர்கள் யாரும் இப்படி நினைத்துச் சொல்லவில்லை. விதியின் நியாயம் அதைப் போட்டவரின் மனசில் இல்லை, அது யார் மேல் விழுகிறது என்பதில் இருக்கிறது.

தாயத்துக்கும் இதே கணக்குப் போடலாம். ஒவ்வொரு தாயக்கட்டையிலும் நான்கு பக்கம்: வெறுமை, ஒன்று, இரண்டு, மூன்று. இரண்டு கட்டை உருட்டினால் பதினாறு விதமாக விழலாம். அதில் தாயம், அதாவது ஒன்று, விழுவது இரண்டு விதம், எட்டுக்கு ஒன்று. இரண்டு வெறுமை சேர்ந்தால் பன்னிரண்டு. அது பதினாறுக்கு ஒன்று. காய் இறக்கத் தாயம் விழுந்தே ஆக வேண்டும் என்றால் சராசரியாக எட்டு உருட்டல் காத்திருக்க வேண்டும். ஒரு வீட்டில் 'அஞ்சுக்கும் இறக்கலாம்' என்று வைத்துக்கொண்டால் வாய்ப்பு நாலுக்கு ஒன்றாகிறது, காத்திருப்பு பாதியாகிறது. உள்ளே நுழையவே முடியாமல் மற்றவர்கள் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறவளுக்கு இந்த ஒரு சொல் எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசியுங்கள். வாசலை எத்தனை அகலமாக வைப்பது என்பதுதான் அங்கே கேள்வி.

'வெட்டு இல்லாமல் பழம் இல்லை' என்ற விதி வேறு திசையில் வேலை செய்கிறது. யாரையும் தொடாமல், யார் வழிக்கும் போகாமல் சுற்றி வந்த காய்க்கு வாசல் அடைபடுகிறது. அது இன்னொரு சுற்றுச் சுற்றி யாரையாவது வேட்டையாடித்தான் வீடு திரும்ப வேண்டும். வன்முறை இங்கே அனுமதி என்ற நிலையைத் தாண்டித் தகுதியாகிவிடுகிறது. நம் சமூகத்தில் 'ஆம்பளை' என்ற பட்டத்துக்கு வைத்திருக்கும் நுழைவுத் தேர்வும் இதுதானே?

1978இல் வந்த உயர்நிலை டிராகன் ஆட்டப் புத்தகம் பெண் பாத்திரங்களின் உடல்வலுவுக்கு ஆண்களுக்கு உள்ளதைவிடக் குறைந்த உச்சவரம்பு வைத்தது. டிராகன் பறக்கலாம், மந்திரத்தால் மலை நகரலாம், ஆனால் பெண் ஆணளவு வலுவாக இருந்தால் மட்டும் கற்பனைக்கு ஒத்துவராது! 1989இன் இரண்டாம் பதிப்பில்தான் அந்த வரம்பு நீங்கியது. இந்த ஆட்டத்தின் தொடக்கத்தில் மந்திரவாதி குறுங்கத்தி தவிர வேறு ஆயுதம் எடுக்கக் கூடாது. எல்ஃப் முதலிய பிற இனத்தார் பெரும்பாலான தொழில்களில் ஓரளவுக்கு மேல் உயர முடியாது. அது 2000இன் மூன்றாம் பதிப்பில் போனது. பிறப்பும் தொழிலும் சேர்ந்து ஒருவன் என்ன ஆயுதம் ஏந்தலாம், எதுவரை ஏறலாம் என்று தீர்மானிப்பதை நாம் கற்பனை உலகில் போய்ப் படிக்க வேண்டியதில்லை. படித்தால் நம் ஊர் ஞாபகம் வரும். இந்த ஒவ்வொரு தடையும் கடைசியில் விழுந்தது. அச்சு இயந்திரம் கடைசியாகத்தான் வந்து சேர்ந்தது.

5

தமிழில் போருக்கு விதிநூல் இருந்ததா என்று தமிழ் படித்த யாரும் கேட்க மாட்டார்கள். புறத்திணை இருக்கிறது. அது களத்துக்கான சட்டம் அல்ல, களத்தைப் பாடுவதற்கான இலக்கணம் என்பது உண்மை. ஆனாலும் எதைப் போர் என்று கணக்கில் எடுப்பது, யாரை ஆடுபவராக ஏற்பது என்பதை அது வகுத்துத் தருகிறது. டிராகன் ஆட்டத்தின் விதியும் உண்மைப் போரைச் சொல்வதில்லை. சொல்லத்தக்க போரைத்தான் சொல்கிறது.

தொல்காப்பியம் புறத்தை ஏழு திணையாக வகுக்கிறது: வெட்சி, வஞ்சி, உழிஞை, தும்பை, வாகை, காஞ்சி, பாடாண். ஆநிரை கவர்வதும் அதை மீட்பதும் அங்கே வெட்சிக்குள்ளேயே அடக்கம். மதிலை முற்றுவதும் அதைக் காப்பதும் உழிஞைக்குள் அடக்கம். காஞ்சி நிலையாமையைப் பேசுவது. பல நூற்றாண்டுகள் கழித்து ஐயனாரிதனாரின் புறப்பொருள் வெண்பாமாலையைப் பாருங்கள். திணை பன்னிரண்டாகிவிட்டது. ஆநிரையை மீட்பவனுக்குக் கரந்தை என்று தனிப் பூ. மதிலைக் காப்பவனுக்கு நொச்சி என்று தனிப் பூ. காஞ்சி பொருள் மாறி, படையெடுத்து வருபவனை எதிர்ப்பவனின் திணையாகிவிட்டது. பிற்கால இலக்கணம், அக்காலத்துச் செயற்கை வகைப்பாடு என்று பாடத்தில் இதை ஒரே வரியில் தாண்டிவிடுவார்கள். எனக்கு இது வேறு மாதிரித் தெரிகிறது. தாக்கியவன் பெயருக்குள் அடங்கிக் கிடந்த தாக்கப்பட்டவன் தனக்கென ஒரு பெயரோடு வெளியே வருகிறான். பதிப்பு மாறும்போது அவனுக்கும் ஒரு முறை கிடைக்கிறது, உருட்டுவதற்கு.

அதே சமயம் அந்தப் பட்டியலின் எல்லையும் தெரிய வேண்டும். பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதியை நெட்டிமையார் பாடிய புறநானூற்று ஒன்பதாம் பாட்டைப் பலரும் அறத்தாற்றுப் போருக்குச் சான்றாகக் காட்டுவார்கள். அம்பு விடும் முன்னர் பசுவும், பார்ப்பனரும், பெண்டிரும், நோயாளிகளும், புதல்வரைப் பெறாதவரும் பாதுகாப்பான இடம் தேடிக்கொள்ளட்டும் என்று முன்கூட்டியே அறிவிக்கும் வழக்கம் அதில் சொல்லப்படுகிறது. முன்கூட்டியே சொல்வது நல்ல விதிதான். மதினி செய்ததும் அதுதான். ஆனால் பட்டியலில் இல்லாதவர் யார்? வயலை எரிப்பதையும் ஊரைக் கொளுத்துவதையும் மன்னனின் புகழாகவே பாடுகிற மரபு இது. அந்த வயலில் நாற்று நட்டவனுக்கு மலைக்கட்டம் இல்லை. பெருக்கல் குறி போட்ட கட்டத்தில் யார் நிற்கலாம் என்பதை எழுதியவர் யார் என்று கேட்காமல், விதி இருந்ததே என்று பெருமைப்படுவதில் பொருளில்லை.

6

மீண்டும் அமெரிக்கா. 1974இல் கைகாக்ஸும் கூட்டாளிகளும் வாசகரிடம் சொன்னது ஏறக்குறைய இது: கற்பனை செய்வதை எங்களிடம் ஏன் விடுகிறீர்கள், உங்களுக்கு எப்படி வேண்டுமோ அப்படி வைத்துக்கொள்ளுங்கள். சில ஆண்டுகளில் காற்று மாறியது. 1977க்கும் 1979க்கும் இடையில் உயர்நிலை டிராகன் ஆட்டம் தடித்த புத்தகங்களாக வந்தது. இப்போது கைகாக்ஸ், விதியை இஷ்டத்துக்கு மாற்றுகிறவர்கள் ஆடுவது எங்கள் ஆட்டமே அல்ல என்று எழுதத் தொடங்கினார். போட்டிகளுக்கு ஒரே சீரான விதி வேண்டும் என்பது ஒரு காரணம். காசு மற்றொரு காரணம்: 1979இல் ஆர்னசன் தனக்குரிய பங்குக்காக நீதிமன்றம் போனார், 1981இல் சமரசமானது. விதியைச் சேர்ந்து போட்டவர்களில் ஒருவரே தன் பெயருக்காக வழக்காட வேண்டியிருந்தது.

இதற்கு மறுபக்கமாக ஆட்டக்காரர்களிடையே ஒரு வழக்கு உண்டு, பூச்சிய விதி என்பார்கள்: எல்லா விதிக்கும் முன்னால் ஒரு விதி, மேசையை நடத்துபவர் சொல்வதே முடிவு. கம்பெனியின் புத்தகத்துக்கு எதிராக இது சுதந்திரம். மேசையில் உட்கார்ந்திருக்கும் மற்ற நாலு பேருக்கோ இது நாட்டாமை. வெர்னுவா நடுவருக்குக் கொடுத்த அதே அதிகாரம். மேலிருக்கிற அதிகாரத்தை எதிர்க்கும் சொல் கீழே எப்படி அதிகாரமாகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

1997இல் ஆட்டம் விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனத்தின் கைக்கு வந்தது. 2000இல் அந்த நிறுவனம் ஒரு திறந்த உரிமத்தை அறிவித்தது: அடிப்படை விதிகளை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொண்டு சொந்த ஆட்டங்களையும் கதைகளையும் வெளியிடலாம். அதை நம்பிப் பல சிறு பதிப்பாளர்கள் பிழைத்தார்கள். 2023 ஜனவரியில் அந்த உரிமத்தை ரத்துசெய்து, ஆண்டு வரவு 7,50,000 டாலரைத் தாண்டுபவர்களிடம் பங்கு கேட்கும் புதிய வரைவு வெளியே கசிந்தது. ஊருக்குப் பொது என்று நினைத்து மாடு மேய்த்த நிலத்தில் ஒருநாள் காலையில் முள்வேலி முளைத்திருப்பதைப் பார்த்த மாதிரிதான். ஆட்டக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. நிறுவனத்தின் இணையச் சந்தாக்களைக் கூட்டம் கூட்டமாக ரத்துசெய்தார்கள். ஜனவரி 27ஆம் தேதி நிறுவனம் பின்வாங்கி, ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதித் தொகுப்பைத் திரும்பப் பெற முடியாத பொது உரிமத்தில் விட்டது. ஒரு மாதத்துக்குள் முடிந்த இந்தப் போராட்டத்தை ஏளனமாகப் பார்க்க வேண்டாம். விதி யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியைத் தெருவில் நிறுத்திப் பதில் வாங்கியிருக்கிறார்கள்.

7

வீட்டு விதி என்ற சொல்லை ஸ்ரீவைகுண்டத்தில் உட்கார்ந்துகொண்டு அவ்வளவு லேசாக எழுதிவிட முடியாது. இந்த ஊரில் ஒரு கோட்டை இருந்தது. கோட்டைப் பிள்ளைமார் என்ற சிறு சமூகத்தாரின் மண்சுவர்க் கோட்டை. ஆண்கள் வெளியே போவார்கள், வருவார்கள். பெண்கள் பிறந்து, மணமாகி, பிள்ளை பெற்று, சாகும்வரை அந்தச் சுவருக்குள். வெளி ஆண்கள் உள்ளே வரக் கூடாது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதி வரைக்கும் இந்த ஏற்பாடு நீடித்தது. மானுடவியலாளர் கமலா கணேஷ் இதைப் பற்றி 1993இல் ஒரு நூலே எழுதினார். அதுவும் வீட்டு விதிதான். 'எங்க வீட்டு வழக்கம்' என்றுதான் அதற்கும் பெயர். உலகமே அதை விதி என்றது, எந்த அர்த்தத்தில் என்பதுதான் கேள்வி.

தாயக்கட்டத்தின் முன் உட்கார்ந்த மதினி சொன்னதற்கும் கோட்டைச் சுவர் சொன்னதற்கும் என்ன வித்தியாசம்? மூன்று என்று எனக்குப் படுகிறது. ஒன்று, ஆட்டத்தின் வீட்டு விதி ஆட்டம் தொடங்கும் முன் வாய்விட்டுச் சொல்லப்படுகிறது. கோட்டையின் விதி பிறக்கும் முன்னரே போடப்பட்டது. இரண்டு, ஆட்டத்தில் அந்த விதி யாருக்குக் கூடுதல், யாருக்குக் குறைவு என்று எல்லோருக்கும் கணக்குப் போட வழியிருக்கிறது. கோட்டையில் விலையை ஒரு பாலார் மட்டும் கொடுத்தார்கள், அதைக் கணக்கென்று சொல்ல மொழியே இல்லாமல் இருந்தது. மூன்று, நாத்திக்கு அந்த ஆட்டம் பிடிக்காவிட்டால் 'நான் வரலை, போ' என்று எழுந்துவிடலாம், அல்லது நாளைக்குத் தன் வாசலில் கட்டம் போட்டுத் தன் விதியைச் சொல்லலாம். எழுந்து போக முடியாத இடத்தில் உள்ளதற்கு ஆட்டம் என்று பெயரில்லை.

நல்லெண்ணத்தோடு போடும் வீட்டு விதியிலும் ஒரு முள் இருக்கும். நம் பிள்ளைகள் ஆட்டத்தில் 'ஒப்புக்குச் சப்பாணி' என்று ஒன்று உண்டு. சின்னப் பிள்ளை அழுகிறது, சேர்த்துக்கொள்வோம். ஓடட்டும், பிடிபட்டாலும் அவுட் இல்லை. டிராகன் மேசையிலும் இது நடக்கிறது: புதிதாக வந்தவரின் பாத்திரம் சாகாமல் இருக்க, நடத்துபவர் திரைக்குப் பின்னால் விழுந்த எண்ணை மாற்றிச் சொல்வார். அன்புதான். ஆனால் சேர்த்துக்கொள்ளப்பட்டவருக்கு அது தெரியாது. அவருடைய வெற்றியும் கணக்கில் இல்லை, தோல்வியும் கணக்கில் இல்லை. அந்தச் சொல்லில் உள்ள 'சப்பாணி' யாரைக் குறிக்கிறது என்பதையும் நாம் இத்தனை காலம் யோசிக்காமலே சொல்லி வந்திருக்கிறோம். அமைப்புகளில் பெண்களுக்கும் தலித்துகளுக்கும் ஒதுக்கப்படும் எத்தனை பொறுப்புகள் இந்த ஒப்புக்குச் சப்பாணி வகை என்று அவரவர் அமைப்பை நினைத்துப் பார்க்கலாம். வாசலை அகலமாக்குவது வேறு, திரைக்குப் பின்னால் எண்ணை மாற்றுவது வேறு. 'அஞ்சுக்கும் இறக்கலாம்' என்பதை எல்லோர் காதிலும் விழும்படி சொல்லலாம். அதனால் யாருக்கும் அவமானமில்லை.

விளையாட்டைப் பற்றி 1938இல் எழுதிய டச்சு அறிஞர் ஹொய்சிங்கா ஒன்றைக் கவனித்தார். கள்ள ஆட்டம் ஆடுபவனை ஆட்டக்காரர்கள் ஓரளவு பொறுத்துக்கொள்வார்கள். அவன் விதியை மதிப்பதாகவாவது நடிக்கிறான். ஆட்டத்தையே கலைப்பவனைத்தான் மன்னிக்க மாட்டார்கள். அழுகுணி ஆட்டம் என்று திட்டிவிட்டுக் கள்ளனோடு மறுநாளும் ஆடுவோம். 'இந்த விதியை யாரு போட்டது?' என்று கேட்டவளை மறுநாள் கூப்பிட மாட்டோம். நம் சங்கங்கள், இயக்கங்கள், சிற்றிதழ் வட்டங்கள் எதுவும் இதற்கு விலக்கில்லை. கூட்டத்தில் யார் முதலில் பேசுவது, யாருடைய பேச்சை இடைமறிக்கலாம், யாருடைய பிழை மன்னிக்கப்படும் என்பதற்கெல்லாம் விதி உண்டு. எந்த அறிக்கையிலும் அது அச்சாவதில்லை. 'தோழர், இங்க வழக்கமா இப்படித்தான்' என்ற ஒரு வாக்கியத்தில் அது வாழ்கிறது. அந்த வாக்கியத்தைக் கேட்டதும் மூன்றையும் கேட்டுப் பார்க்க வேண்டும். இதை முன்னாலேயே சொன்னீர்களா? இதற்கான விலையை யார் கொடுக்கிறார்கள்? விலை கொடுப்பவர் மாற்றச் சொன்னால் மாற்றுவீர்களா?

கேட்டவர் ஆட்டத்தைக் கலைக்க வந்தவர் என்ற பெயர் வரத்தான் செய்யும். உயர்நிலை டிராகன் ஆட்டத்தின் உச்சவரம்பை விதி என்று ஏற்காமல் தங்கள் மேசையில் தள்ளிவைத்தவர்களுக்கும் அந்தப் பெயர்தான் வந்திருக்கும். அவர்கள் ஆட்டத்தை விட்டுப் போகவில்லை. பகடையைக் கையில் வைத்துக்கொண்டேதான் கேட்டார்கள்.